பத்து மாதம்

புவன விஸ்தாவில் இறங்கி நடந்தால் ஒன்பது நிமிடம்.
நிலத்தடி இரண்டாம் தளம்.
உடை மாற்றி, தலையுறை, காலுறை அணிந்து,
காற்று அறையும் கூண்டில் கைதூக்கி நின்று
ஏழே காலுக்கு எலிகளிடம் போகிறேன்.

சுண்டெலிக்குச் சூல் பத்தொன்பது நாள், மிஞ்சினால் இருபது.
பத்து மாதம் ஆனாலே அட்டையில் 'முதியது'.
நம் மொழியில் ஒருத்தி சுமந்து முடிக்கும் காலம்
இங்கே ஒருத்தி மூத்து முடிக்கும் காலம்.
இதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை,
இந்தத் தளத்தில் தமிழ் எனக்கு மட்டும்.

முதல் வேலை வாலைத் தூக்கிப் பார்ப்பது.
இரவு கூடியிருந்தால் வெள்ளையாய் ஓர் அடைப்பு.
இருந்தால் எழுது: அரை நாள்.
கருவின் வயதை நாங்கள்
அரையிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறோம்.

ஐந்தாம் நாள் வால் நரம்பில் நீலச் சாயம்.
கரு எங்கெல்லாம் சுவரைப் பற்றியதோ
அங்கெல்லாம் நீலம் ஊறும்.
எட்டு வாரத்தாளிடம் அவை
சீரான தூரத்தில் பேருந்து நிறுத்தங்கள்.
பதினொரு மாதத்தாளிடம்
இரண்டு முட்டிக்கொண்டு,
ஒன்று வெளிறி,
ஒன்று இருக்கிறதா என்று நானும்
உருப்பெருக்கியும் சண்டை போட்டபடி.

போன ஆண்டு மாற்றி வைத்துப் பார்த்தோம்.
மூத்தவளின் கருவை இளையவளிடம்:
வளர்ந்தது, பத்தாம் நாள் இதயம் அடித்தது.
இளையவளின் கருவை மூத்தவளிடம்:
பிந்தியது, பல நின்றன.
டாக்டர் குவெக் பலகையில் குதூகலமாய் எழுதினார்,
விதையில் பழுதில்லை, மண்ணில்தான்.

அவர் காப்பிக்குப் போனதும் மண்ணை அழித்தேன்.
உட்சுவர் என்று எழுதினேன்.
மண்ணுக்குக் காது கிடையாது.
இதற்கு உண்டு. சூலகம் அனுப்பும் சொல் கேட்டுத்தான்
இது தடித்து மெத்தையாகிறது.
மூத்த பிறகும் அதே சொல் வருகிறது,
அதே அளவில்.
கேட்டு எழுந்திருக்கத்தான்
நேரமாகிறது.

செவ்வாய்க்கிழமை நூர்ஹயாத்தி
கையுறையை உரித்தபடி கேட்டாள்:
"கோக்கி, இந்த வாரம்
மயக்க வாயுவை நீ பார்த்துக்கொள்கிறாயா?"

பதினாறு வருடத்தில் கேட்காதது.
அவளுக்கு நாற்பத்து மூன்று.
எனக்கு ஒன்று கூட.
சரி என்று குமிழைத் திருகினேன்.
சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளில் நான்காவதை
இருவரும் பார்க்கவில்லை.

மதியம் கிம் மோ சந்தையில்
எப்போதும் கோப்பி ஓ வாங்குகிறவள்
பார்லி நீரோடு உட்கார்ந்தாள்.
மின்விசிறி சரியில்லை என்று பேசினோம்.
நான் கேட்கவில்லை.
கேட்டால் எண்ணத் தொடங்குவேன்.
எனக்குத் தெரிந்த எண்கள் எல்லாம்
எலிகளுடையவை.

பிற்பகல் முன்னூற்றுப் பதினேழு.
பதினொரு மாதம், சூல் பன்னிரண்டாம் நாள்.
எட்டு இடங்கள்.
நான்கு கரைந்து கருஞ்சிவப்புப் பொட்டு.
ஒன்று இரண்டு நாள் பின்தங்கி.
மூன்று முழுசு.
கையாகப் போகும் மொட்டு, கண்ணாகப் போகும் கறுப்பு,
இளையவளிடம் எடுத்தது என்று சொன்னால்
குவெக்கே நம்புவார்.
அதே வயிறு, அதே வயது, அதே உட்சுவர்.
இந்த மூன்றுக்கு மட்டும் எப்படிக் கேட்டது?

சராசரி எடுத்தால் காணாமல் போய்விடும்.
அதனால் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில்
யாரும் படிக்காத குறிப்புப் பகுதியில்
தமிழில் எழுதினேன்: மூவர் நலம்.
எழுதிய பிறகுதான் உறைத்தது,
அவற்றைத் திரவத்தில் இட்டவளும் நான்தான்.
அடிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

ஆறு மணிக்கு வெளியே மழை என்றார்கள்.
கீழே மழை கேட்காது.
ஹயாத்தி மின்தூக்கிக்குக் காத்திருந்தாள்.
இரண்டு மாடிதான்.
எப்போதும் படியில் ஓடுகிறவள்.